விதைக்கும் முன் போடும் கணக்கு: கலப்புச் சந்ததியில் எந்தப் பண்பு எத்தனை செடியில் வரும்?

மகரந்தம் தூவும் வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அதன் பிறகு பல பருவத்துக்கு நிலம், தண்ணீர், ஆள்கூலி என்று செலவு தொடரும். அந்தச் செலவு வீணாவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான். ஒன்று, தேவைக்குக் குறைவாகச் செடி நடுவது. மற்றொன்று, தேடும் பண்பு வெளிப்படாத தலைமுறையில் போய் அதைத் தேடுவது. இரண்டையும் தவிர்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும்.

அத்தியாயம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். உங்களிடம் மாப்பிள்ளைச் சம்பா போல உயரமாக வளரும் சிவப்பரிசி நாட்டு ரகம் ஒன்று இருக்கிறது. சோறு நன்றாக இருக்கும். ஆனால் கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றடித்தால் பயிர் சாய்ந்துவிடும். பக்கத்து வயலில் சாயாத குட்டை ரகம் நிற்கிறது. அதன் அரிசி வெள்ளை. உங்களுக்கு வேண்டியது குட்டையாக நிற்கும் சிவப்பரிசி.

இதற்கு இரண்டு கணக்குகள் வேண்டும். ஒவ்வொரு விதையிலும் அந்தப் பண்புச் சேர்க்கை அமைய என்ன வாய்ப்பு என்பது முதல் கணக்கு. அந்த வாய்ப்பு கைகூட எத்தனை விதை போட வேண்டும் என்பது இரண்டாவது. பள்ளிப் பாடம் முதல் கணக்கோடு நின்றுவிடும். வயலில் இறங்குகிறவருக்கு இரண்டும் வேண்டும்.

படி 1: எது ஓங்கு, எது ஒடுங்கு?

ஒவ்வொரு செடியிலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. இரண்டும் வேறுவேறாக இருக்கும்போது எந்தப் பண்பு வெளியே தெரிகிறதோ அது ஓங்கு பண்பு. மறைந்து நிற்பது ஒடுங்கு பண்பு. ஆகவே முதல் தலைமுறைக் கலப்புச் செடியைப் பார்த்தாலே எது ஓங்கு என்று தெரிந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் உயரம் ஓங்கும், குட்டை ஒடுங்கும். காரணம் எளிது. ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கிதான் தண்டை நீளச் செய்கிறது. அதைத் தயாரிக்கும் ஒரு நொதிக்குப் பொறுப்பானது எஸ்டி1 மரபணு. குட்டை நெல்லில் அந்த மரபணு பழுதுபட்டிருக்கிறது. இரண்டு பிரதிகளில் ஒன்று நல்லதாக இருந்தாலும் போதிய ஊக்கி தயாராகிச் செடி உயர்ந்துவிடும். இரண்டும் பழுதாக இருந்தால்தான் குட்டை.

அரிசியின் சிவப்பும் அப்படித்தான். ஆர்சி என்ற மரபணு வேலை செய்தால் அரிசியின் மேல்தோலில் சிவப்பு நிறமி சேரும். வெள்ளை அரிசி ரகங்களில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணுவிலிருந்து 14 கார இணைகள் விடுபட்டுப்போயிருக்கின்றன. ஒரே ஒரு நல்ல பிரதி இருந்தாலும் அரிசி சிவக்கும். ஆகவே சிவப்பு ஓங்கு, வெள்ளை ஒடுங்கு.

குட்டைப் பண்பின் கணக்கை உலகமே பார்த்த கலப்பு ஒன்று உண்டு. 1962-இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டர் ஜென்னிங்ஸ் 38 கலப்புகளைச் செய்தார். எட்டாவது கலப்பில் இந்தோனேசியாவின் உயரமான ‘பீட்டா’ ரகத்தையும் தைவானின் குட்டை ரகமான ‘டீ-ஜியோ-வூ-ஜென்’னையும் சேர்த்தார். கிடைத்தவை 130 விதைகள். அவற்றில் முளைத்த முதல் தலைமுறை முழுவதும் உயரம். குட்டை தொலைந்துவிட்டது என்று யாரும் கைவிடவில்லை. அடுத்த தலைமுறையில் சுமார் 10,000 செடிகள் வளர்த்தார்கள். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குட்டையாக நின்றது. அந்தக் குட்டைகளிலிருந்து தேர்ந்தெடுத்து வந்த வரிசைதான் 1966-இல் ஐ.ஆர்.8 என்ற பெயரில் வெளியானது. நம் ஊரிலும் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நெல் அது.

படி 2: குறியீடு இடுதல்

உயரத்துக்கு ‘உ’, குட்டைக்கு ‘கு’, சிவப்புக்கு ‘சி’, வெள்ளைக்கு ‘வெ’. ஒரு செடிக்கு ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு எழுத்து.

| செடி | எழுத்துகள் |
|---|---|
| உயரமான சிவப்பு நாட்டு ரகம் | உஉ சிசி |
| குட்டை வெள்ளை ரகம் | குகு வெவெ |
| இரண்டின் முதல் தலைமுறை | உகு சிவெ |

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். பல தலைமுறையாகக் கலப்பில்லாமல் வந்த ரகத்தில் இரண்டு எழுத்தும் ஒன்றாகவே இருக்கும். இதை ‘நிலைத்த’ செடி என்போம். இரண்டு எழுத்தும் வேறானால் ‘பிரியும்’ செடி. அதன் பிள்ளைகள் ஒரே மாதிரி வராமல் பிரிந்து வரும். குட்டையும் வெள்ளையும் ஒடுங்கு பண்புகள் என்பதால், குட்டையாக ஒரு செடி தெரிந்தாலே அது குகு. உயரமான செடியை மட்டும் வெளியில் பார்த்து உஉ, உகு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

படி 3: எந்த ரகத்தைத் தாயாக வைப்பது?

குட்டை வெள்ளையைத் தாயாக வையுங்கள். நெற்பூ மிகச் சிறியது. ஆறு மகரந்தப் பைகளையும் முந்தின நாள் மாலையே எடுத்துவிட வேண்டும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். அப்படித் தப்பியது தன் பூவையே கருவுறச் செய்தால், நீங்கள் கலப்பு விதை என்று நினைத்து எடுத்து வைப்பது தாயின் சொந்த விதையாக இருக்கும்.

தாய் குகு வெவெ ஆக இருந்தால் இந்தக் கள்ளம் அடுத்த பருவமே வெளிப்பட்டுவிடும். உண்மையான கலப்புச் செடி உகு, உயர்ந்து நிற்கும். தன்மகரந்தத்தில் வந்தது குகு, குட்டையாக நிற்கும். குட்டையாக நிற்பதை எல்லாம் பிடுங்கி எறியலாம். உயரமான ரகத்தைத் தாயாக வைத்திருந்தால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆகவே ஒடுங்கு பண்பு உள்ளது தாய், ஓங்கு பண்பு உள்ளது தந்தை என்று நினைவில் வையுங்கள்.

இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நாட்டு ரகம் நாள் கூடியதாக இருந்தால் அதை முன்னதாக விதையுங்கள். குட்டை ரகத்தை ஒரு வார இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைத்தால் ஏதாவது ஒரு தவணை ஒத்துவரும்.

படி 4: கட்டம் போடுதல்

முதல் தலைமுறைச் செடி உகு. அது மகரந்தம் உண்டாக்கும்போது பாதிக்கு ‘உ’ போகும், பாதிக்குக் ‘கு’ போகும். சூல் முட்டைக்கும் அதே கணக்கு. மேல் வரிசையில் தந்தை தருவதையும் இடப்பக்கம் தாய் தருவதையும் எழுதுங்கள்.

| | உ | கு |
|---|---|---|
| உ | உஉ | உகு |
| கு | உகு | குகு |

ரெஜினால்ட் பன்னட் என்ற ஆங்கிலேய மரபியலாளரின் பெயரால் இதைப் பன்னட் கட்டம் என்கிறார்கள். நான்கு அறைக்கும் வாய்ப்பு சமம். மூன்று அறை உயரம், ஒன்று குட்டை. எழுத்தைப் பார்த்தால் 1 : 2 : 1, தோற்றத்தைப் பார்த்தால் 3 : 1.

இரண்டு பண்புக்கும் சேர்த்துக் கட்டம் போட்டால் 16 அறை வரும். மூன்று பண்புக்கு 64. பெரிய கட்டம் போட்டுப் பேப்பரை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியாக வாய்ப்பை எழுதிப் பெருக்கினால் போதும்:

- உயரம் 3/4 × சிவப்பு 3/4 = 9/16
- உயரம் 3/4 × வெள்ளை 1/4 = 3/16
- குட்டை 1/4 × சிவப்பு 3/4 = 3/16
- குட்டை 1/4 × வெள்ளை 1/4 = 1/16

இப்படிப் பெருக்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு மரபணுவும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பிரிய வேண்டும். நெல்லில் எஸ்டி1 முதல் குரோமோசோமிலும், ஆர்சி ஏழாவதிலும் இருப்பதால் தைரியமாகப் பெருக்கலாம்.

நாம் தேடும் குட்டைச் சிவப்பு 3/16. அதற்குள் இன்னொரு பிரிவு இருக்கிறது. குகு சிசி என்ற நிலைத்த செடி 1/4 × 1/4 = 1/16. குகு சிவெ என்ற பிரியும் செடி 1/4 × 1/2 = 2/16. ஆக, கையில் கிடைக்கும் குட்டைச் சிவப்புச் செடிகளில் மூன்றில் ஒன்றுதான் நிலைத்தது.

படி 5: எந்தத் தலைமுறையில், எதில் பார்ப்பது?

பலர் குழம்புவது இங்கேதான். உமியை நீக்கிய நெல்மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு இருப்பது மேல்தோலில். தீட்டினால் தவிடோடு போய்விடும் அந்தப் படலத்தில். அந்தத் தோல், சூற்பையின் சுவரிலிருந்து வருவது. அதாவது தாய்ச்செடியின் உடம்பு. உள்ளே இருக்கும் கருதான் அடுத்த தலைமுறை. எனவே மணியின் நிறம் அதைத் தாங்கிய செடியின் எழுத்தைச் சொல்லும். உள்ளே இருக்கும் பிள்ளையின் எழுத்தைச் சொல்லாது.

இதனால் பருவம் பருவமாக நீங்கள் பார்க்கப்போவது இதுதான்:

1. கலப்புச் செய்த பருவம். வெள்ளைத் தாயில் உண்டான கலப்பு மணிகள் வெள்ளையாகவே இருக்கும். கலப்பு பலிக்கவில்லை என்று எண்ணிக் கொட்டிவிட வேண்டாம்.
2. முதல் தலைமுறை. செடி உயரம், மணி எல்லாம் சிவப்பு. ஒரே செடியில் முக்கால் பங்கு சிவப்பு, கால் பங்கு வெள்ளை என்று எதிர்பார்க்காதீர்கள். செடி சிவெ; தோல் முழுவதும் அந்தச் செடியுடையது.
3. இரண்டாம் தலைமுறை. உயரம் கதிர் வந்த பிறகு வயலிலேயே தெரியும்: முக்கால் பங்கு உயரம், கால் பங்கு குட்டை. நிறத்தை அறுவடையில்தான் பார்க்க முடியும். செடிக்குச் செடி மாறும். ஒரு செடிக்குள் மாறாது.

மாவுப்பகுதியிலும் கருவிலும் அமையும் பண்புகள் இதற்கு நேர்மாறு. பசை அரிசிப் பண்பு ஓர் ஒடுங்கு பண்பு. அது மாவில் அமைகிறது. பசை அரிசியையும் சாதாரண அரிசியையும் கலந்த முதல் தலைமுறைச் செடியின் ஒரே கதிரிலேயே மணிகள் 3 : 1 எனப் பிரிந்துவிடும். மணியை வெட்டி அயோடின் சொட்டு வைத்தால் சாதாரண மாவு கருநீலமாகும். பசை மாவு செம்பழுப்பாகும். பட்டாணியில் மெண்டல் பார்த்த உருண்டை, சுருக்கம் என்பதும் விதைக்குள் உள்ள பிள்ளையின் பண்புதான். அதனால்தான் ஒரே நெற்றுக்குள் இரண்டு வகையும் கலந்து இருப்பதை அவரால் எண்ண முடிந்தது.

ஆகவே கணக்குப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பண்பு தாயின் உடம்பில் அமைவதா, பிள்ளையின் உடம்பில் அமைவதா? தோல், உமி, காயின் சதை எல்லாம் தாய். கருவும் மாவுப்பகுதியும் அடுத்த தலைமுறை.

படி 6: எத்தனை செடி நட வேண்டும்?

நான்கில் ஒன்று குட்டை என்றால், நான்கு செடி நட்டால் ஒன்று குட்டையாக வரும் என்று பொருளில்லை. நாணயத்தைச் சுண்டுவது போல, ஒவ்வொரு விதையும் முந்தின விதையின் கதை தெரியாமல் தன்பாட்டுக்கு விழும். நான்கு செடியும் உயரமாக நிற்க வாய்ப்பு 3/4 × 3/4 × 3/4 × 3/4, அதாவது கிட்டத்தட்ட 32 சதவீதம். மூன்று முறைக்கு ஒருமுறை வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

மெண்டலின் சொந்தக் கணக்கே இதற்குச் சாட்சி. 253 கலப்புச் செடிகளிலிருந்து அவர் 7,324 பட்டாணி எடுத்தார். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். விகிதம் 2.96 : 1. மொத்தமாகப் பார்த்தால் மூன்றுக்கு ஒன்றுதான். ஆனால் செடி செடியாகப் பார்த்தால் ஒன்றில் 43 உருண்டைக்கு 2 சுருக்கம்தான். இன்னொன்றில் 14 உருண்டைக்கு 15 சுருக்கம். அந்த ஒற்றைச் செடிகளில் ஒன்றை மட்டும் வைத்திருந்தவர் எந்த விதியையும் கண்டிருக்க மாட்டார்.

தேவையான எண்ணிக்கையைக் கணக்கிட, ‘ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். வேண்டிய செடியின் வாய்ப்பு 1/16 என்றால், ஒரு செடி அதுவாக இல்லாமல் போகும் வாய்ப்பு 15/16. அதைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போய், விடை 0.05-க்குக் கீழே இறங்கும்போது நிறுத்துங்கள். எத்தனை முறை பெருக்கினீர்களோ அத்தனை செடி நட்டால், ஒன்றாவது கிடைக்கும் என்று 95 சதவீதம் நம்பலாம். 0.01 வரை இறங்கினால் 99 சதவீதம்.

| வேண்டிய செடியின் வாய்ப்பு | 95% உறுதிக்கு | 99% உறுதிக்கு |
|---|---|---|
| 1/4 | 11 செடி | 17 செடி |
| 1/16 | 47 செடி | 72 செடி |
| 1/64 | 191 செடி | 293 செடி |

ஒரு பண்பு கூடினால் செடி எண்ணிக்கை நான்கு மடங்குக்கு மேல் ஏறுவதைக் கவனியுங்கள். ஒரே கலப்பில் குட்டையும் வேண்டும், சிவப்பும் வேண்டும், வாசமும் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர் முதலில் இந்த அட்டவணையையும் தன் நிலத்தின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அட்டவணை சொல்வது ‘ஒன்றாவது கிடைக்க’ வேண்டிய குறைந்தபட்சம். முளைக்காதவை, பூச்சிக்குப் போனவை இதில் சேரா. அதற்குத் தனியாகக் கூட்டிப் போடுங்கள். அதோடு, கிடைத்த ஒன்றே ஒன்று நோஞ்சானாகவும் இருக்கலாம். விளைச்சல், நாள், சுவை என்று மற்றப் பண்புகளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க இடம் வேண்டுமானால் இரண்டாம் தலைமுறையில் 160 செடியாவது நடுங்கள். அதில் சராசரியாக 40 குட்டை, அவற்றுள் 30 சிவப்பு, அவற்றுள் 10 நிலைத்தவை எதிர்பார்க்கலாம்.

வயலில் உழைப்பை மிச்சப்படுத்த ஒரு வழி: கதிர் வந்ததும் உயரமானவற்றை ஒதுக்கிவிடுங்கள். குட்டைகளை மட்டும் செடிவாரியாகத் தனித்தனியே அறுத்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து மணியை உமி நீக்கி நிறம் பாருங்கள். 160 செடியின் நெல்லையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

படி 7: தேர்ந்த செடி நிலைத்ததா?

இப்போது கையில் 30 குட்டைச் சிவப்புச் செடிகள். குட்டை ஒடுங்கு பண்பு என்பதால் உயரத்தில் எல்லாமே நிலைத்தவை. நிறத்தில்தான் சந்தேகம். எது சிசி, எது சிவெ என்று பிள்ளைகளை வளர்த்துத்தான் அறிய வேண்டும். ஒவ்வொரு செடியின் நெல்லையும் தனி வரிசையாக நட்டு, அறுவடையில் ஒவ்வொரு செடியின் அரிசி நிறத்தையும் பாருங்கள். வரிசையில் ஒரு வெள்ளை வந்தாலும் தாய் சிவெ. அந்த வரிசையைக் கழித்துவிடலாம்.

வரிசைக்கு எத்தனை செடி? சிவெ செடியின் பிள்ளை சிவப்பாக வர வாய்ப்பு 3/4. பத்துப் பிள்ளைகளும் சிவப்பாகவே வந்து உங்களை ஏமாற்ற வாய்ப்பு 5.6 சதவீதம். 11 செடி என்றால் 4.2 சதவீதம். 17 செடி என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. மேலே உள்ள அட்டவணையின் முதல் வரிதான் இங்கேயும் வருகிறது.

மெண்டல் வரிசைக்குப் பத்து விதைதான் போட்டார். ஓங்கு பண்பு தெரிந்த 100 செடிகளை இப்படிச் சோதித்தார். பூ நிறத்தில் 36 செடி நிலைத்தவை, 64 பிரிந்தவை என்று எழுதினார். பத்து விதை போட்டால் பிரியும் செடிகளில் சில நிலைத்தவை போல வேடம் போட்டுத் தப்பிவிடுமே என்பதை 1936-இல் சுட்டிக்காட்டியவர் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர். நாம் 17 போடுவோம்.

எத்தனை வரிசை? குட்டைச் சிவப்பில் மூன்றில் இரண்டு பிரிபவை. எட்டு வரிசையும் பிரிபவையாக அமைய வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 12 வரிசையும் அப்படி அமைய ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே மிகச் சிறந்த 12 செடிகளைத் தேர்ந்து, வரிசைக்கு 17 வீதம் 204 நாற்று நட்டால் நிலைத்த குட்டைச் சிவப்பு ஒன்றாவது கையில் இருக்கும்.

குட்டையும் சிவப்பும் நிலைத்துவிட்டதால் ரகமே நிலைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். இரண்டு பெற்றோருக்கும் இடையே வேறுபட்ட மற்ற மரபணுக்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகத்தான் நிலைக்கும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றில் 75, நான்கில் 87.5, ஐந்தில் 93.75, ஆறில் சுமார் 97. வரிசைகளுக்குள் தேர்வு ஆறாம் தலைமுறை வரையாவது நடக்க வேண்டும்.

கடையில் வாங்கிய ஹைபிரிட் விதையின் விளைச்சலிலிருந்து எடுத்த விதை ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இதே கணக்கில் தெரியும். ஹைபிரிட் என்பது முதல் தலைமுறை. பத்து மரபணுவில் அது கலப்பாக இருந்தால், அதன் பிள்ளை ஒன்று பத்திலும் அதே கலப்போடு வர வாய்ப்பு 1,024-இல் ஒன்று.

படி 8: எண்ணியது கணக்கோடு ஒத்துப்போகிறதா?

160 செடியில் 90 : 30 : 30 : 10 எதிர்பார்த்தீர்கள். இந்தச் சோதனைக்காக உயரமானவற்றின் நிறத்தையும் பார்த்து எண்ணினால் உயரச் சிவப்பு 84, உயர வெள்ளை 35, குட்டைச் சிவப்பு 29, குட்டை வெள்ளை 12 என்று வைத்துக்கொள்வோம். இந்த வேறுபாடு தற்செயலா, கணக்கே தவறா? இதற்குக் கை-வர்க்கச் சோதனை. ஒவ்வொரு வகைக்கும் எண்ணியதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள்:

- உயரச் சிவப்பு: 6 × 6 ÷ 90 = 0.40
- உயர வெள்ளை: 5 × 5 ÷ 30 = 0.83
- குட்டைச் சிவப்பு: 1 × 1 ÷ 30 = 0.03
- குட்டை வெள்ளை: 2 × 2 ÷ 10 = 0.40

கூட்டுத்தொகை 1.66. நான்கு வகைக்கான எல்லை 7.81; மூன்று வகைக்கு 5.99, இரண்டுக்கு 3.84. எல்லைக்குள் இருந்தால் வேறுபாட்டைத் தற்செயல் என்று ஏற்கலாம். தாண்டினால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். எண்ணிக்கையை மட்டுமே இதில் போட வேண்டும். சதவீதத்தைப் போட்டால் விடை பொய்யாகும்.

படி 9: விகிதம் பிசகினால்

வயல் சொல்லும் விகிதம் கட்டத்தோடு ஒத்துவராதபோது எண்ணிக்கையைத் தூக்கி எறியாதீர்கள். எந்த விகிதம் வந்திருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டும்.

*1 : 2 : 1 வந்தால்:* எந்தப் பிரதியும் முழுதாக ஓங்கவில்லை. அந்திமந்தாரையில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு. அடுத்ததில் சிவப்பு 1, இளஞ்சிவப்பு 2, வெள்ளை 1. இதில் ஒரு வசதி உண்டு: பிரியும் செடி தோற்றத்திலேயே தெரிவதால் வரிசை போட்டுச் சோதிக்கத் தேவையில்லை.

*9 : 3 : 4 வந்தால்:* ஒரே பண்பில் இரண்டு மரபணு கைவைக்கிறது. நம் சிவப்பரிசியிலேயே இது நடக்கலாம். முழுச் சிவப்புக்கு ஆர்சியோடு ஆர்டி என்ற இன்னொரு மரபணுவும் வேண்டும். ஆர்டி பழுதாக இருந்தால் ஆர்சி மட்டும் தருவது பழுப்பு. வெள்ளைப் பெற்றோரிடம் இரண்டுமே பழுதாக இருந்தால் இரண்டாம் தலைமுறையில் 9 சிவப்பு, 3 பழுப்பு, 4 வெள்ளை.

*9 : 7 வந்தால்:* இரண்டு மரபணுவும் சேர்ந்து வேலை செய்தால்தான் பண்பு வெளிப்படும். மரபியலாளர்கள் பேட்சனும் பன்னட்டும் இனிப்புப் பட்டாணியில் இரண்டு வெள்ளைப் பூ ரகங்களைக் கலந்து ஊதாப் பூவைக் கண்டார்கள். அடுத்த தலைமுறையில் ஒன்பது ஊதாவுக்கு ஏழு வெள்ளை.

*பெற்றோரைப் போன்ற சேர்க்கைகள் மிகையாகவும் புதிய சேர்க்கைகள் மிகக் குறைவாகவும் வந்தால்:* இரண்டு மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன, பிணைப்பு என்பார்கள். பெருக்கல் கணக்கு இங்கே செல்லாது. புதிய சேர்க்கை வேண்டுமானால் செடியின் எண்ணிக்கையைக் கூட்டுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

*தாயை மாற்றினால் விளைவும் மாறினால்:* அது படி 5-இல் பார்த்த அரிசித் தோல் போலத் தாயின் உடம்பில் அமையும் பண்பாக இல்லாவிட்டால், உட்கருவுக்கு வெளியே, பசுங்கணிகத்திலோ மைட்டோகாண்ட்ரியாவிலோ இருக்கிறது. 1909-இல் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ் அந்திமந்தாரையின் வெள்ளைத் திட்டு இலையில் இதைக் கண்டார்: மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும், விதை பிடித்த கிளையின் இலை நிறமே பிள்ளைக்கு வந்தது. சந்தேகம் வந்தால் தாயையும் தந்தையையும் இடம் மாற்றி இன்னொரு கலப்புச் செய்து பாருங்கள்.

*எந்த வகையிலும் பிரிக்க முடியாமல், சிறியதிலிருந்து பெரியது வரை இடைவெளியின்றி வந்தால்:* விளைச்சல், மணி எடை போன்றவை இப்படித்தான். பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தருகின்றன. எருவும் தண்ணீரும் தங்கள் பங்குக்கு மாற்றுகின்றன. இதற்குக் கட்டம் உதவாது. அளந்து, சராசரி பார்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்வதே வழி.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

தாய், தந்தை எது; கலப்புச் செய்த தேதி; கிடைத்த மணி எத்தனை; முளைத்தது எத்தனை; முதல் தலைமுறையில் குட்டை என்று பிடுங்கியவை எத்தனை; இரண்டாம் தலைமுறையில் வகைவாரி எண்ணிக்கை. நடும் முன்பே எதிர்பார்க்கும் எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள். எண்ணிய பிறகு எழுதினால், வந்த எண்ணுக்கு ஏற்ற விகிதத்தைத் தேடிப் பொருத்தும் ஆசை வந்துவிடும்.

பயிற்சி

1. இளஞ்சிவப்பு அந்திமந்தாரையை வெள்ளையோடு கலந்தால் என்ன வரும்?
2. நம் கலப்பின் இரண்டாம் தலைமுறையில் உயரச் சிவப்புச் செடி ஒன்றைத் தேர்ந்தால், அது இரண்டு பண்பிலும் நிலைத்ததாக இருக்க என்ன வாய்ப்பு?
3. முதல் தலைமுறைச் செடியைக் குட்டை வெள்ளைத் தாயோடு திரும்பக் கலந்தால் குட்டைச் சிவப்பு எத்தனை பங்கு? அதில் நிலைத்தது எத்தனை?
4. அந்தத் திரும்பு கலப்பில் 40 செடி வளர்த்ததில் 23 சிவப்பு, 17 வெள்ளை. கணக்குக்குப் பொருந்துகிறதா?

விடை

1. பாதி இளஞ்சிவப்பு, பாதி வெள்ளை. சிவப்பு வராது.
2. ஒன்பதில் ஒன்று. 16-இல் ஒன்பது உயரச் சிவப்பு. அதில் உஉ சிசி ஒன்றுதான்.
3. நான்கில் ஒன்று குட்டைச் சிவப்பு. நிலைத்தது ஒன்றுகூட இல்லை, எல்லாமே சிவெ. ஆனாலும் இந்த வழியில் குட்டைச் சிவப்பு எளிதாகக் கிடைக்கும் (11 செடி போதும்). அவற்றைத் தன்மகரந்தத்தில் விட்டு அடுத்த பருவத்தில் சிசியைத் தேடலாம். குட்டை ரகத்தின் மற்ற நல்ல குணங்களும் கூடுதலாகத் தங்கும் என்பது இதன் லாபம். ஒரு பருவம் கூடுதலாவது நட்டம்.
4. பொருந்துகிறது. எதிர்பார்ப்பு 20 : 20. வித்தியாசம் 3; 9 ÷ 20 + 9 ÷ 20 = 0.90. இரண்டு வகைக்கான எல்லை 3.84.